ஹவுராவில் இரண்டு வீடுகளுக்கு நடுவே எழுபத்தைந்து காசு

2006 ஜனவரியில், பொங்கல் கழிந்த வாரம், கொல்கத்தா போய் ஏழு நாள் தங்கினேன். கொசுவலை வியாபாரத்துக்காகப் போனவன், அதில் பாதி நாளை என் தங்கை மகளோடு வீடு வீடாக ஏறி இறங்கி, உடல் ஊனமுற்றவர் இருக்கும் வீட்டுக்கும் இல்லாத வீட்டுக்கும் வாழ்க்கையில் என்ன வித்தியாசம் என்று அளப்பதில் செலவழித்தேன். திரும்பும்போது, என் தொழிலில் நானே போட்டிருந்த ஒரு விதியை மாற்றிவிட்டு வந்தேன். காளிகாட், டிராம், ரசகுல்லா பற்றித் தெரிந்துகொள்ள வந்தவர்கள் வேறு பதிவு பார்க்கவும். ஆனால் டாலிகஞ்சிலிருந்து ஹவுரா போக மலிவான வழி இதில் இருக்கிறது.

என் ஊர் கரூர். பத்தொன்பது வயதில் சைக்கிள் கேரியரில் துண்டு கட்டி விற்க ஆரம்பித்தேன், இப்போது கொசுவலை. கொல்கத்தாவில் கொசுவலை இல்லாத கட்டில் கிடையாது, அதனால் என் சரக்கில் பாதி அங்கேதான் போகிறது. தைத்த வலை லாரியில் இடத்தை அடைக்கும், ரோல் அடைக்காது. எனவே இங்கிருந்து வலைத்துணியை ரோலாக அனுப்பி, ஹவுராவில் ஒரு கோடவுன் பிடித்து, சுற்றுவட்டாரப் பெண்களிடம் வீட்டில் வைத்துத் தைக்கக் கொடுத்து, பரா பஜாரில் விற்கிறேன். கோடவுனைத் தபன் பாபு என்பவர் பார்த்துக்கொள்கிறார். நான் வருஷத்துக்கு ஒருமுறை போய் எட்டிப்பார்ப்பதோடு சரி.

சென்னை சென்ட்ரலில் காலை ஒன்பது மணி வண்டி. கோரமண்டல், ஸ்லீப்பர், ஆயிரத்து அறுநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர். மறுநாள் மதியம் ஒன்றே முக்காலுக்கு ஹவுராவில் இறங்கினேன், நாற்பது நிமிடம் தாமதம். ஸ்டேஷனுக்கு வெளியே ப்ரீபெய்டு டாக்ஸி வரிசையில் நின்று டாலிகஞ்சுக்கு நூற்று முப்பது கொடுத்தேன். வரிசையில் நிற்காமல் வெளியே பிடித்திருந்தால் இருநூற்றைம்பது கேட்டிருப்பார்கள். அங்கே என் தங்கை மல்லிகா குடும்பம் இருக்கிறது. மாப்பிள்ளைக்கு மத்திய அரசு உத்தியோகம், பதினோரு வருஷமாக இந்த ஊர். வீட்டுக்குள் தமிழ், வாசல் தாண்டினால் வங்காளம்.

மறுநாள் பரா பஜார் போனால், என்னிடம் வலை வாங்கும் சேட் ஒரு கல்யாணத்துக்கு ராஜஸ்தான் போய்விட்டார், செவ்வாய்க்கிழமைதான் வருவார் என்றார்கள். போன் போட்டுக் கேட்காமல் கிளம்பியது என் தப்பு. வீட்டுக்கு வந்து சொன்னதும் தங்கை சிரித்தாள்.

“நாலு நாள் சும்மா உக்காந்தா உங்களுக்குக் கை அரிக்குமுங்கண்ணா. நித்யாகூடப் போயிட்டு வாங்க. புள்ள தனியா அலையறா.”

நித்யாவுக்கு இருபத்து மூன்று வயது. ஜாதவ்பூர் பக்கம் மேல்படிப்பு. அவள் பேராசிரியை பொறுப்பில் ஒரு சர்வே நடக்கப்போகிறது. அதற்கு முன்னோட்டமாக இருபது ஜோடி வீடுகள். ஒரு ஜோடி என்றால், உடல் ஊனமுற்ற ஒருவர் இருக்கிற வீடு ஒன்று, அதை ஒட்டிய பக்கத்து வீடு ஒன்று. பதினாறு பக்கப் படிவம். வருமானம், செலவு, படிப்பு, வைத்தியம் எல்லாம் இரண்டு வீட்டிலும் கேட்டு ஒப்பிட வேண்டும். பெரிய சர்வே முடிந்ததும் அறிக்கை அரசாங்கத்துக்குப் போகும். இந்த வீடுகளுக்கு உதவித்தொகை வேண்டுமா, எவ்வளவு வேண்டும் என்று அதை வைத்துத்தான் பேசுவார்கள்.

“இப்ப என்ன பிரச்சினைன்னா மாமா, இதுவரைக்கும் பண்ணினதுல ரெண்டு வீடும் கிட்டத்தட்ட ஒண்ணாவே வருது. பதினொண்ணுல இருந்து பதிமூணாம் பக்கம் வரைக்கும் நேரம், கூடுதல் செலவு பத்தின கேள்வி. நான் சண்டை போட்டுச் சேத்தது. செவ்வாய்க்கிழமை மீட்டிங். வித்தியாசம் எதுவும் வரலேன்னா அந்த மூணு பக்கத்தையும் வெட்டிடுவாங்க.”

“வெட்டினா?”

“எல்லா வீடும் சமம்னு ரிப்போர்ட் போகும். சமமா இருக்கறவங்களுக்கு எதுக்கு உதவித்தொகைன்னு ஃபைலை மூடிடுவாங்க.”

சரக்கில் வித்தியாசமே இல்லை என்று ஒருவன் சொன்னால் எனக்கு உடனே சந்தேகம் வரும். ஆர்வமாகத்தான் கிளம்பினேன்.

வெள்ளிக்கிழமை டாலிகஞ்சிலேயே, மெட்ரோவுக்குப் பின்னால் இருக்கும் காலனி. ஒரு வீட்டில் “பிரதிபந்தி யாராவது இருக்காங்களா?” என்று நித்யா கேட்டாள். அங்கே ஊனமுற்றவருக்கு அதுதான் சொல். இல்லவே இல்லை என்று அந்த அம்மாள் தலையாட்டினார். அவருக்குப் பின்னால் நாற்காலியில் இருந்த அவர் கணவர், தெருவில் ஒரு ஆட்டோ காதைக் கிழிக்கிற மாதிரி ஹாரன் அடித்தும் திரும்பவில்லை. வெளியே வந்ததும் நித்யாவிடம் சொன்னேன்.

“அம்மிணி, நான் தறிக்காரங்கிட்டத் துணி வாங்கறப்ப ‘குறை இருக்குதா’ன்னு கேட்டா என்ன சொல்லுவான்? ஒண்ணுமில்லீங்கண்ணாம்பான். வெளிச்சத்துல பிடிச்சுப் பாக்கணும். அவருக்குக் காது கேக்குமான்னு நீ கேக்கவே இல்லையே.”

திரும்பிப் போய், “டிவி சத்தம் எவ்வளவு வைப்பார்? பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவாரா?” என்று கேட்டாள். அந்த அம்மாள் பத்து நிமிடம் பேசினார். “அது பிரதிபந்தி இல்லம்மா, வயசாயிடுச்சு, அவ்வளவுதான்” என்றும் சொன்னார். நித்யா படிவத்தின் ஓரத்தில் ஏதோ எழுதிக்கொண்டாள். மாமனுக்குக் கொஞ்சம் மரியாதை கூடியது அன்றைக்குத்தான்.

சனிக்கிழமை ஹவுரா. டாலிகஞ்சிலிருந்து எஸ்பிளனேடுக்கு மெட்ரோ ஆறு ரூபாய், இருபது நிமிடம். அங்கிருந்து பாபுகாட் படித்துறைக்குப் பதினைந்து நிமிட நடை. லாஞ்சில் ஆற்றைக் கடக்க நாலு ரூபாய், பத்துப் பன்னிரண்டு நிமிடம். பாலம் வழியாக பஸ்ஸில் போனால் நெரிசலில் ஒரு மணி நேரம் கூட ஆகும். லாஞ்சில் போங்கள், காற்றும் இலவசம். ஹவுராவில் இறங்கி பஸ்ஸில் இருபது நிமிடம், அதற்கும் நாலு ரூபாய்தான். பிறகு லேத் பட்டறைகள் நெருங்கி நிற்கும் ஒரு சந்து. இரும்புத்தூள் வாசனையும் கடுகெண்ணெய் வாசனையும் சேர்ந்து வரும்.

அந்தச் சந்தின் நடுவில் ஷ்யாமலியின் வீடு. முப்பத்தைந்து வயது இருக்கும். சிறுவயதில் வந்த போலியோவில் இரண்டு காலும் போனவர். பழைய பேரிங் நான்கைப் பலகைக்கு அடியில் பொருத்தி, லேத் பட்டறையில் வேலை செய்யும் அவர் தம்பி ஒரு வண்டி செய்து கொடுத்திருக்கிறான். அதில் உட்கார்ந்தபடி தரையைக் கையால் தள்ளி அறைக்குள் சுற்றி வருகிறார். பக்கத்து வீடு ரேகா. ரேகாவின் புருஷனும் ஷ்யாமலியின் தம்பியும் ஒரே பட்டறை, ஒரே சம்பளம். இரண்டு பெண்களும் வீட்டில் கொசுவலை தைக்கிறார்கள். இதைவிடப் பொருத்தமான ஜோடி கிடைக்காது என்று நித்யாவுக்கு ஒரே சந்தோஷம்.

எனக்கு வேறு விஷயம் கண்ணில் பட்டது. கீழே குவிந்து கிடந்த வலையின் கரையில் ஒற்றைப் பச்சை இழை. கரூரில் என் சரக்குக்கு மட்டும் நான் ஓடவிடும் இழை அது. நான் வாயைத் திறக்கவில்லை. சரக்கு எங்கே எப்படிப் போகிறது என்று தெரியாமல் பார்ப்பது வியாபாரிக்கு அபூர்வமாகக் கிடைக்கிற வாய்ப்பு.

ஷ்யாமலி நன்றாகப் பேசுகிறவர். நித்யாவோடு வங்காளத்தில், என்னோடு இந்தியில். எல்லாவற்றையும் தமிழிலேயே தருகிறேன்; திதி என்றால் அக்கா, தாதா என்றால் அண்ணன்.

“தையல்ல மாசம் எவ்வளவு வரும் திதி?”

“ஆயிரத்து எண்ணூறு. எழுதிக்கோ. ரேகாவுக்கும் அதேதான். போய்க் கேட்டுப் பாரு. ஒரு பைசா குறையாது.”

அதைச் சொன்னபோது அவர் முகத்தில் ஒரு பெருமிதம். நித்யா பதினொன்றாம் பக்கத்தைத் திருப்பி, தினமும் எத்தனை மணி நேரம் வேலை என்று கேட்டாள்.

“எல்லாரும் செய்யற நேரம்தான்.”

“கூடுதல் செலவு ஏதாவது?”

“எல்லாருக்கும் ஆகற செலவுதான். உங்க படிவத்துல நான் ரேகாவுக்குச் சமம்னு வந்தா நல்லதுதானே? பொறந்ததுலேர்ந்து அதுக்குத்தானே பாடுபடறேன்.”

நித்யா பேனாவை வைத்துவிட்டாள். படிவம் நிரப்புகிறவர் பதிலை எடுத்துக் கொடுக்கக் கூடாது என்று அவர்களுக்கு ஒரு சட்டம் இருக்கிறது. நான் படிவக்காரன் இல்லையே. முப்பது வருஷமாகத் துணி எண்ணிய கை. மூலையில் கட்டி வைத்திருந்த கட்டுகளின் மடிப்பு ஓரத்தில் விரலை ஓட்டினேன். ஒவ்வொரு கட்டிலும் இருபத்திரண்டு. பிறகு ரேகா வீட்டில் நித்யா கேள்வி கேட்டுக்கொண்டிருந்தபோது அங்கேயும் விரலை ஓட்டினேன். பதினெட்டு. இரண்டு பேரும் ஒரு நாள் வேலையை ஒரு கட்டாகக் கட்டுகிறவர்கள்.

ஒருத்தி பதினெட்டு தைக்கிறாள், இன்னொருத்தி இருபத்திரண்டு தைக்கிறாள், மாதக் கடைசியில் இரண்டு பேருக்கும் ஆயிரத்து எண்ணூறு. இது எப்படி?

ரேகாவிடம் கேட்டேன். “உங்களுக்குக் கூலி எவ்வளவு?”

“வலைக்கு நாலு ரூபா.”

“ஷ்யாமலிக்கு?”

“அவளுக்கு மூணேகால். முக்கால் ரூபா பிடிச்சுக்குவாங்க. கோடவுனுக்கு நேர்ல போய் எடுத்துத் திருப்பிக் கொடுத்தா நாலு. வீட்டுக்கு வேன் ரிக்‌ஷால வந்தா மூணேகால். கோடவுன் ரெண்டாவது மாடி, முப்பத்தெட்டுப் படி. அவ எப்படி ஏறுவா? மேல இருக்கற முதலாளி போட்ட ரூல்.”

அந்த மேலே இருக்கிற முதலாளி நான்தான்.

2001ல் வந்தபோது, சரக்கு ஏற்றும் மிதிவண்டியான வேன் ரிக்‌ஷா கூலி கட்டுப்படியாகவில்லை என்று தபன் பாபு சொன்னார். வீட்டுக்கே கேட்கிறவர்கள் சோம்பேறிகள் என்று நான் முடிவு கட்டி, டீ குடித்து முடிப்பதற்குள் போட்ட விதி அது. யார் யார் வீட்டுக்குக் கேட்கிறார்கள் என்று பெயர்ப் பட்டியல்கூடப் பார்க்கவில்லை.

திரும்பும் லாஞ்சில் நித்யாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் அவள் என்னை உற்றுப் பார்த்தாள்.

“ஆரே மாமா! அந்த ரூல் நீங்க போட்டதா?”

“ஆமாங்கண்ணு. நாளைக்கே எடுத்துடறேன். தபன் பாபுவுக்கு இப்பவே போன் போடறேன்.”

“ஐயோ, தொடாதீங்க! செவ்வாய்க்கிழமை வரைக்கும் எதையும் மாத்தக்கூடாது. நீங்க தர்மம் பண்ணினா என் அளவு கெட்டுப் போயிடும். எடை போடறப்ப யாராவது தராசுல கை வெப்பாங்களா?”

“எடுக்கலைன்னா அந்தப் பொம்பளைக்கு மூணு நாள் நஷ்டம்.”

“அஞ்சு வருஷமா நஷ்டம் மாமா. இன்னும் மூணு நாள் அதை ஒழுங்கா எழுத விடுங்க.”

போனைச் சட்டைப் பைக்குள் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி அதே வழி, அதே பதினான்கு ரூபாய். இந்தத் தடவை கையில் நோலேன் குர் சந்தேஷ் ஒரு பெட்டி. அந்த மாதங்களில் மட்டும் கிடைக்கும் பனிக்காலத்து ஈச்ச வெல்லத்தில் செய்யும் பால் இனிப்பு. கால் கிலோ நாற்பது ரூபாய்; வாங்காமல் வராதீர்கள். நேரம் அளக்க வேண்டும், பக்கத்தில் கடிகாரத்தோடு உட்காரலாமா என்று நித்யா கேட்டாள். ஷ்யாமலி என்னைப் பார்த்தார்.

“இந்த தாதா நேத்து என் கட்டுகளை விரலால எண்ணினாரு. நான் பாத்தேன். ரேகாகிட்டக் கூலி கேட்டதையும் அவ சொல்லிட்டா. சர்வேக்காரங்க அப்படி எண்ண மாட்டாங்க. யார் நீங்க?”

சொன்னேன். பச்சை இழை, கோடவுன், விதி, எல்லாம். ரேகா கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

“நீங்கதானா?” என்றார் ஷ்யாமலி. “அஞ்சு வருஷமா பெரிய மீசை வெச்ச ஆளா நெனச்சிருந்தேன்.”

ரேகா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“வீட்டுக்குச் சரக்குக் கேக்கறவங்க சோம்பேறிகள்னு நெனச்சேன்” என்றேன்.

“சோம்பேறியா! ஏன் தாதா, கோயில்ல சாமியே இங்க தரையோட தரையா உக்காந்திருக்கு. உங்க கொசுவலைக்கு மட்டும் ரெண்டாவது மாடியா?”

கேட்கவேண்டிய கேள்விதான். கீழ்த்தளத்து வாடகையைவிட இரண்டாவது மாடி மாதம் அறுநூறு குறைவு, அதுதான் காரணம். அதையும் மறைக்காமல் சொன்னேன்.

“சரி, இப்பவே அந்த முக்கால் ரூபாவை எடுங்க.”

“செவ்வாய்க்கிழமை வரைக்கும் முடியாது. இவ விட மாட்டேங்கறா.”

ஷ்யாமலி நித்யா பக்கம் திரும்பினார். நித்யா வெட்கப்பட்டுக்கொண்டே விளக்கினாள். நீங்கள் சமம் என்று படிவம் சொன்னால், உங்களைப் போல இருக்கிற எல்லாருக்கும் ஒன்றும் தர வேண்டாம் என்று எழுதிவிடுவார்கள். சமமாக வருவதற்கு நீங்கள் எவ்வளவு கூடுதலாகக் கொடுக்கிறீர்கள் என்று நான் காட்ட வேண்டும் என்றாள். ஷ்யாமலி ஒரு சந்தேஷை எடுத்து, மெதுவாகத் தின்று முடித்தார்.

“டீக் ஆச்சே, சரி. கடிகாரத்தை எடு. ஆனா ரேகா முன்னாடி என் நேரத்தைச் சத்தமாப் படிக்காதே.”

ரேகாவின் மெஷின் காலால் மிதிப்பது. இரண்டு கையும் துணியைத் தள்ள இருக்கிறது. கூரைத் துணியில் நான்கு சுவரை ஓட்டி, கரை வைத்து, மூலைக்கு மூலை நாடா தைக்க ஒரு வலைக்கு இருபத்தைந்து நிமிடம். ஷ்யாமலியுடையது கையால் சுற்றுவது. வலது கை சக்கரத்தில், இடது கை ஒன்றுதான் துணிக்கு. இருந்தும் முப்பது நிமிடத்தில் முடிக்கிறார். அந்த வேகத்தை நான் கரூரில் ஆண்களிடம்கூடப் பார்த்ததில்லை. ரேகா பதினெட்டு வலையை ஏழரை மணி நேரத்தில் முடித்து எழுபத்திரண்டு ரூபாய் பார்க்கிறாள். ஷ்யாமலி இருபத்திரண்டு வலைக்குப் பதினோரு மணி நேரம் உட்கார்ந்து எழுபத்தொன்றரை ரூபாய். இருபத்தைந்து நாளைக்குப் பன்னிரண்டரை ரூபாய் குறைகிறது. அதை முழுசாக்கி ஆயிரத்து எண்ணூறு என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.

நேரத்தை நித்யா சத்தமில்லாமல் எழுதிக்கொண்டாள். அதற்குப் பிறகு ஷ்யாமலி தானாகவே சொல்ல ஆரம்பித்தார். சந்து முனைக் குழாயிலிருந்து தண்ணீர் கொண்டுவர ஆளுக்குக் குடத்துக்கு ஒரு ரூபாய். ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் ஏற முடியாது, போகவர வேன் ரிக்‌ஷா அறுபது. இரண்டு வீட்டிலும் மொத்தச் செலவு ஒரே தொகைதான் வந்தது. ஆனால் ரேகா வீட்டில் வாரத்தில் ஐந்து நாள் மீன், இங்கே இரண்டு நாள். அந்த மூன்று நாள் மீன்தான் தண்ணீராகவும் வண்டியாகவும் போயிருக்கிறது. கூட்டுத்தொகையை மட்டும் பார்க்கிறவனுக்கு இது தெரியவே தெரியாது. நானும் இத்தனை வருஷம் கூட்டுத்தொகையை மட்டும் பார்த்தவன்தான்.

திங்கட்கிழமை ஊருக்கே விடுமுறை. ஒரு தலைவரின் பிறந்தநாள், தெருவுக்குத் தெரு கொடியும் ஒலிபெருக்கியும். எல்லாரும் வீட்டில் இருப்பார்கள் என்று, முன்பு “சமம்” என்று வந்த ஜோடிகளில் போக முடிந்த ஆறு வீட்டுக்கு நித்யா என்னை இழுத்துக்கொண்டு போனாள். இந்தத் தடவை வருமானத்தைக் கேட்கவில்லை. காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறீர்கள், முதலில் என்ன செய்கிறீர்கள், அதற்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று ஆரம்பித்தாள். ஜாதவ்பூரில் கண் தெரியாத ஒருவர், டியூஷன் எடுப்பவர், பஸ் நம்பரைப் படித்துச் சொல்ல ஆள் கிடைக்கும்வரை நிறுத்தத்தில் தினமும் முக்கால் மணி நேரம் நிற்கிறார். அதனால் ஒரு டியூஷனை விட்டுவிட்டார். அந்த வருமானத்தை அவர் மனைவி அப்பளம் போட்டு ஈடுகட்டுகிறார். படிவத்தில் அந்த வீடும் பக்கத்து வீடும் சமம்!

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு மீட்டிங். நான் எதிர்ப்புறம் டீக்கடையில் உட்கார்ந்து மண் குவளையில் மூன்று டீ குடித்தேன், குவளை இரண்டு ரூபாய். பரா பஜார் சேட் திரும்பிவிட்டார் என்று போன் வந்தது. மாலையில் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஒரு மணிக்கு நித்யா வெளியே வந்தாள். முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

“மேடம் முதல்ல, ‘இது கதை, அளவு இல்லை’ன்னாங்க மாமா. ஒரு ஜோடியை வெச்சு எதையும் சொல்ல முடியாதுன்னு. நேத்து எடுத்த ஆறு வீட்டையும் வெச்சேன். அப்புறம் ஒண்ணொண்ணாப் படிச்சுப் பாத்தாங்க.”

“பக்கம்?”

“மூணு பக்கமும் இருக்கும். நேரத்தைப் பத்தின கேள்வியை வருமானத்துக்கு முன்னாடி கொண்டு வரச் சொல்லிட்டாங்க. பிரதிபந்தி இருக்காங்களான்னு கேக்காம, கேக்குதா, நடக்க முடியுதா, படியேற முடியுதான்னு கேக்கணும்னும் எழுதிக்கிட்டாங்க.” பிறகு என் கையைப் பிடித்தாள். “போங்க. இப்ப தராசைத் தொடலாம்.”

நேராக ஹவுரா போனேன். பிடித்தம் இன்றிலிருந்து கிடையாது என்று சொன்னதும் ஷ்யாமலி கும்பிடுவார் என்று நினைத்தால் நீங்கள் ஏமாறுவீர்கள். நானும் ஏமாந்தேன்.

“அது என் காசு. திரும்பி வந்துடுச்சு, அவ்வளவுதான். இப்ப வியாபாரம் பேசலாமா?” என்றார். “இந்தச் சந்துல என்னையும் சேத்து ஆறு பேர் தைக்கறோம். மத்த அஞ்சு பேரும் வாரம் ரெண்டு தடவை பஸ்ஸுல கோடவுனுக்குப் போய் அரை நாளைத் தொலைக்கறாங்க. ரோலை இங்க என் வீட்டுல இறக்குங்க. அவங்க இங்க வந்து எடுத்து, இங்கயே கொடுக்கட்டும். நான் எண்ணி, தையல் பாத்து, கோணலா இருந்தா திருப்பிக் கொடுத்துடறேன். உங்க வேன் ஒரே இடத்துல நின்னாப் போதும். எனக்கு வலைக்கு அம்பது காசு.”

“அம்பதா! பதினஞ்சு தர்றேன்.”

“பதினஞ்சு காசுக்கு என் வீட்டை அடைச்சுக்குவீங்க. நான் எங்க படுக்கறது, உங்க ரோல் மேலயா?”

“படுங்க, நல்ல துணி.”

“அப்ப நாப்பது.”

ரேகாவும் இன்னும் இரண்டு பேரும் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். இருபதில் நான் நின்றேன், முப்பதில் அவர் நின்றார். கடைசியில் நூல் யார் செலவு என்ற பேச்சை அவரே எடுத்த பிறகுதான் பேரம் படிந்தது. எனக்கு இதில் நஷ்டம் என்று யாரும் நினைக்க வேண்டாம். கோணல் தையலால் பரா பஜாரில் திரும்பி வந்த சரக்கு எனக்கு ஒவ்வொரு வருஷமும் தலைவலி. ஷ்யாமலியின் கண்ணுக்குத் தப்பி ஒரு கோணல் வெளியே போகாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மாலையில் செய்தியைக் கேட்ட நித்யா, “போச்சு, இந்த ஜோடியை இனிமே பெரிய சர்வேல சேக்க முடியாது, கெடுத்துட்டீங்க” என்றாள்.

அந்த அறிக்கையை வைத்து அரசாங்கம் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாது. இதை எழுதும்வரை பெரிய சர்வே முடியவில்லை. ஆனால் ஆள் வைத்து வேலை வாங்குகிற என்னைப் போன்றவர்கள் அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. உங்கள் பிடித்தம், அபராதம், போனஸ் விதிகளை எடுத்துக்கொண்டு, அது யார் மேல் விழுகிறது என்று பெயர் பெயராக ஒருமுறை பாருங்கள். எனக்கு அதற்கு ஐந்து வருஷமும் ஒரு மருமகளும் தேவைப்பட்டது.

போகிறவர்களுக்கு: ஜனவரி நல்ல மாதம், ஒரு ஸ்வெட்டர் போதும். ஆனால் சங்கராந்தியை ஒட்டிய நாட்களில் பாபுகாட் முழுக்க கங்காசாகர் யாத்ரீகர்கள்; அது கழிந்து போங்கள். சில்லறை பத்து ரூபாய் நோட்டாக வைத்துக்கொள்ளுங்கள், லாஞ்சில் நூறு ரூபாயை நீட்டினால் முறைப்பார்கள். உங்களோடு சக்கர நாற்காலியோ ஊன்றுகோலோ வருமானால், மெட்ரோவிலும் படித்துறையிலும் படிகளை முன்கூட்டியே எண்ணி வையுங்கள், டாக்ஸிக்குத் தனியாகப் பணம் ஒதுக்குங்கள். எனக்குப் பதினான்கு ரூபாயில் முடிந்த பயணம் உங்களுக்கு நூற்று முப்பது ஆகும்.

ஹவுராவில் வலை தைக்கக் கொடுக்க என்ன கணக்கு என்று கேட்டு இரண்டு பேர் மடல் போட்டிருந்தார்கள். ஷ்யாமலியோடு பேசி முடித்தது இதுதான்: வலைக்குக் கூலி எல்லாருக்கும் நாலு ரூபாய், பிடித்தம் இல்லை. அவர் வீட்டில் இறங்கி, அவர் பார்த்து அனுப்பும் ஒவ்வொரு வலைக்கும் அவருக்கு இருபத்தைந்து காசு, நூலும் ஊசியும் என் செலவு. வண்டி திங்கள், வியாழன் காலை எட்டு மணிக்கு, அவர் வாசலுக்கு.